முகாமையாளரை நீக்கிவிட்டார்கள், இனி என்ன? திருகோணமலை இரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தில் ஒரு பெரிய உதைபந்தாட்டக் கழகம் தன் முகாமையாளரை வீட்டுக்கு அனுப்பினால் போதும், திருகோணமலையில் அன்று மாலைக்குள் ஆளுக்கொரு விசாரணைக் குழு அமைந்துவிடும். மெக்கெய்சர் மைதானத்து ஓரத்தில் பூட்ஸ் கழற்றும் இளைஞர்கள், உள்துறைமுக வீதித் தேநீர்க் கடையில் பிளேன்டீயுடன் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்றவர்கள், கிண்ணியாவிலிருந்து ஆட வரும் அணியினர் என எல்லாருக்கும் அதே சந்தேகங்கள்தான்.

நான் ஊரில் ஒரு சிறிய விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். பந்தை உதைத்த காலத்தைவிடக் கடிதம் எழுதிய காலம் அதிகம். அதனாலோ என்னவோ, ஒப்பந்தம், நட்டஈடு, சான்றிதழ் பற்றிய கேள்விகள் என்னிடமே வந்து சேர்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி அலுத்துப்போய் இங்கே தொகுத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகள் இருக்கின்றன.

முகாமையாளர், பயிற்றுநர் இரண்டும் ஒன்றுதானே? பிறகு ஏன் இரண்டு பெயர்?

முன்பு இங்கிலாந்தில் ஒன்றாகத்தான் இருந்தது. அலெக்ஸ் பெர்குசன் 1986 நவம்பர் முதல் 2013 மே வரை மன்செஸ்டர் யுனைட்டட்டில் இருந்து 13 முறை இங்கிலாந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக்கை வென்றார். யாரை வாங்குவது, யாரை விற்பது, இளையோர் அணி எப்படி ஆடுவது என்பதெல்லாம் அவர் சொல்தான். அந்த அதிகாரத்தோடு இருப்பவரை முகாமையாளர் என்றார்கள்.

இப்போது பெரும்பாலான கழகங்களில் விளையாட்டுப் பணிப்பாளர் என்று ஒருவர் மேலே இருக்கிறார். வீரர்களை வாங்குவதும் விற்பதும் அவர் பொறுப்பு. பயிற்சியும் ஆட்டமும் தலைமைப் பயிற்றுநர் பொறுப்பு. 2024இல் லிவர்பூலுக்கு வந்த ஆர்னே ஸ்லொட், யுனைட்டட்டுக்கு வந்த ரூபன் அமோரிம் இருவருக்கும் தலைமைப் பயிற்றுநர் என்ற பதவிதான் கொடுக்கப்பட்டது. பேச்சு வழக்கு மாறாததால் கீழே எல்லாரையும் முகாமையாளர் என்றே எழுதுகிறேன். ஆனால் மேலே ஒரு பணிப்பாளர் இருக்கிறார் என்பதை மறந்துவிட வேண்டாம். பின்னால் அவரிடம்தான் வரப்போகிறோம்.

தோற்றது பதினொரு பேர். தண்டனை மட்டும் ஒருவருக்கா?

நியாயமாகப் பார்த்தால் அநியாயம்தான். ஆனால் வீரர்களைக் கோடையிலும் ஜனவரியிலும் மட்டுமே மாற்ற முடியும். ஒவ்வொருவருக்கும் பல வருட ஒப்பந்தம் இருக்கிறது, கொடுத்த விலையும் கணக்குப் புத்தகத்தில் சொத்தாக நிற்கிறது. நவம்பர் மாதத்தில் அணி சரிந்தால் உடனே மாற்றக்கூடிய ஒரே ஆள் முகாமையாளர்தான்.

லெஸ்டர் சிட்டியை 2016 மே மாதம் யாரும் கனவுகூடக் காணாத சம்பியனாக்கியவர் குளோடியோ ரனியேரி. 2017 பெப்ரவரியில் அதே கழகம் அவரை நீக்கியது. அதே வீரர்கள் அடுத்த ஐந்து லீக் ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றார்கள். குற்றம் யாருடையது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, இன்று காலை நீக்கினால் நாளைக்குப் பயிற்சியை யார் நடத்துவது?

பெரும்பாலும் உள்ளே இருக்கும் உதவிப் பயிற்றுநர் ஒருவர். 2021 நவம்பரில் மன்செஸ்டர் யுனைட்டட் வட்போர்டிடம் 4–1 என்று தோற்றபின் அதன் முகாமையாளர் ஒலே கன்னர் சொல்ஸ்கயர் நீக்கப்பட்டார். அடுத்த மூன்று ஆட்டங்களை மைக்கல் கரிக் பார்த்துக்கொண்டார். இரண்டு வெற்றி, ஒரு சமநிலை. பிறகு பருவ முடிவு வரைக்கும் என்று ரால்ப் ரங்னிக் வந்தார்.

இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கரிக் செய்தது வாசலில் நின்று வீட்டைக் காப்பது. ரங்னிக்குக் கிடைத்தது ஆறு மாதக் குத்தகை. முதலாவது வகை என்றால் கழகம் ஒருவரோடு பேச்சுவார்த்தையின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது என்று ஊகிக்கலாம். இரண்டாவது என்றால் அவர்கள் விரும்பும் ஆள் கோடைக்கு முன் கிடைக்கமாட்டார், அல்லது யாரை விரும்புகிறோம் என்பதே இன்னும் முடிவாகவில்லை.

தற்காலிகமாக வந்தவர் வென்றுகொண்டே இருந்தால் அவரையே வைத்துக்கொண்டால் என்ன?

அதிகம் சண்டை மூட்டும் கேள்வி இதுதான். இரண்டு பக்கத்துக்கும் சாட்சி இருக்கிறது.

2018 டிசெம்பரில் யுனைட்டட்டில் ஜோஸே மொரின்யோவுக்குப் பதிலாகத் தற்காலிகமாக வந்த சொல்ஸ்கயர் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். 2019 மார்ச்சில் பாரிஸில் 3–1 என்று வென்று பீஎஸ்ஜியை (பாரிஸ் செயின்ட் ஜெர்மன்) சம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேற்றிய இரவில், எங்கள் ஊரில் அவருக்கு நிரந்தரப் பதவி கொடுக்காதவர் யாருமில்லை. அந்த மாத முடிவிலேயே கழகமும் கொடுத்தது. அதற்குப் பிறகு அந்தப் பருவத்தில் ஆடிய பத்து ஆட்டங்களில் இரண்டில்தான் வெற்றி. மறுபக்கம், 2019 நவம்பரில் பயேர்ன் மியூனிக்கில் உதவியாளராக இருந்து பொறுப்பேற்ற ஹன்சி பிளிக், 2020இல் லீக், ஜேர்மன் கிண்ணம், ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்று கொடுத்தார்.

நடுவிலும் ஒரு கதை உண்டு. ரொபேர்ட்டோ டி மத்தேயோ 2012 மே மாதம் செல்சிக்கு அதன் முதல் சம்பியன்ஸ் லீக்கை வென்று கொடுத்து, பதவியும் பெற்று, அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டார். என் கருத்து இது: தற்காலிகமானவரை நிரந்தரமாக்குவதில் தவறில்லை. வெளியே தேடுவதை நிறுத்திவிட்டு ஆக்குவதுதான் தவறு. வெளியே மூவரைப் பார்த்துப் பேசி, அவர்களைவிட இவர் மேல் என்று முடிவுக்கு வந்தால் அது தெரிவு. மைதானம் முழுவதும் அவர் பெயரைப் பாடுகிறது என்பதற்காகக் கொடுத்தால் அது தப்பித்தல்.

நீக்கப்பட்டவருக்கு மிகுதிச் சம்பளம் முழுவதும் கிடைக்குமா? எங்களுக்கு இப்படி ஒரு வேலை கிடைக்காதா?

ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. சிலருக்கு மிகுதிக் காலம் முழுவதற்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மட்டும், சிலருக்கு வேறு வேலை கிடைக்கும் வரை மட்டும். பெரும்பாலும் இரண்டு தரப்பும் பேசி ஒரு தொகையில் முடித்துக்கொள்கின்றன.

யுனைட்டட்டின் எரிக் டென் ஹாக் விடயத்தைப் பாருங்கள். 2024 மே மாதம் இங்கிலாந்தின் எப்.ஏ. கிண்ணத்தை வென்றார். ஜூலையில் அவருடைய ஒப்பந்தம் 2026 வரை நீட்டப்பட்டது. ஒக்டோபர் 28ஆம் திகதி நீக்கப்பட்டார். அவரையும் அவரோடு சேர்ந்தவர்களையும் அனுப்பியதற்கு 10.4 மில்லியன் பவுண் செலவானதாகக் கழகத்தின் கணக்கறிக்கை காட்டியது. ஜூலையில் கையெழுத்துப் போட்ட பேனாவுக்கு மை நிரப்ப ஆன செலவு என்று எங்கள் பொருளாளர் சொல்வார்.

வேறு கழகத்தில் வேலையில் இருப்பவரை எப்படித் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்?

விலை கொடுத்துத்தான். ஒப்பந்தத்தில் விடுவிப்புத் தொகை எழுதப்பட்டிருந்தால் அதைக் கட்ட வேண்டும். எழுதப்படாவிட்டால் பேரம். அமோரிமுக்கு 10 மில்லியன் யூரோ விடுவிப்புத் தொகை இருந்தது. முன்னறிவித்தல் காலத்தைக் குறைப்பதற்காக இன்னும் 1 மில்லியனும் சேர்த்து லிஸ்பனின் ஸ்போட்டிங் கழகத்துக்குக் கொடுத்தார்கள். 2022 செப்டெம்பரில் பிரைட்டனிடமிருந்து கிரஹம் பொட்டரைக் கொண்டுவர செல்சி 20 மில்லியன் பவுணுக்கு மேல் கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. ஏழு மாதம் முடிவதற்குள் அவரும் வீட்டில்.

நாம் கவனிக்காத பக்கம் ஒன்று உண்டு. ஒருவரைப் பறிகொடுத்த கழகமும் தேடத் தொடங்க வேண்டும். ஸ்போட்டிங் அமோரிமின் இடத்தில் வைத்த ஜோவோ பெரெய்ராவை அந்த டிசெம்பரிலேயே நீக்கியது. அடுத்து வந்த ருய் போர்ஜஸ் அதே பருவத்தில் போர்த்துக்கல் லீக்கை வென்று கொடுத்தார். மன்செஸ்டரில் விழுந்த ஒரு கடிதம் லிஸ்பனில் இரண்டு பேரின் வேலையை மாற்றியது.

பெரிய வீரராக இருந்தால் நேரே முகாமையாளர் ஆகலாமா?

பிரீமியர் லீக்கில் ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கத்தின் புரோ சான்றிதழ் வேண்டும், அல்லது அந்தப் படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். தற்காலிகமானவர்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் சலுகை. ஆசியச் சம்மேளனத்திலும் சி, பி, ஏ, புரோ என்று அதே படிகள்தான். ஆகவே ஊரில் சி சான்றிதழோடு நிற்கும் தம்பிமார் ஏணியின் முதற்படியில்தான் நிற்கிறார்கள், ஆனால் ஏணி ஒன்றுதான்.

சான்றிதழோடு விசாவும் உண்டு. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின் போர்த்துக்கல்காரரும் ஜேர்மன்காரரும்கூட வேலை அனுமதி பெற்றே வர வேண்டும். பெயர் அறிவித்தும் ஆள் மைதானத்தில் தெரியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இந்தக் காகிதம்தான்.

பத்திரிகையில் நாளுக்கு ஒரு பெயர் வருகிறதே, எதை நம்புவது?

பெயரைப் பார்க்காதீர்கள், வினைச்சொல்லைப் பாருங்கள். “கழகத்தின் பார்வையில் இருக்கிறார்” என்றால் யாரோ ஒரு முகவர் தேநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். வேலை இல்லாத முகாமையாளரின் பெயர் வெளியே வருவது அவருக்கு விளம்பரம். வேலையில் இருப்பவரின் பெயர் வந்தால் அவருக்குச் சம்பள உயர்வு. “இடைத்தரகர் மூலம் பேசினார்கள்” என்றால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். “அவருடைய கழகத்திடம் பேச அனுமதி கேட்டார்கள்” என்று வந்தால்தான் விடயம் மேசைக்கு வந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் இருப்பவரோடு பேச அவருடைய கழகத்தின் அனுமதி வேண்டும் என்பதால், அந்தக் கடிதத்துக்குப் பின்வாங்குவது கடினம்.

அடுத்த முகாமையாளர் யார் என்று பந்தயம் பிடிப்பவர்களின் விலைப் பட்டியலை ஆதாரமாகக் காட்டுபவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு சிலர் ஒரே பெயரில் பணம் கட்டினாலே அந்த விலை இறங்கிவிடும். அந்த இறக்கமே மறுநாள் செய்தியாகும்.

ஆளைத் துரத்துவதற்கு முன்பே புதியவரோடு பேசுகிறார்களே, இது துரோகம் இல்லையா?

டொட்டன்ஹாம் 2019 நவம்பர் 19ஆம் திகதி மாலை மொரீசியோ பொச்செட்டினோவை நீக்கியது. மறுநாள் காலை மொரின்யோ வந்துவிட்டார். அந்த ஓர் இரவில் பேசி முடித்திருப்பார்கள் என்று நம்புபவர்களை நான் மதிக்கிறேன். அதே கழகம் 2007இல் மார்ட்டின் யோலை நீக்கிய செய்தி, அவருடைய அணி ஆடிக்கொண்டிருந்தபோதே பார்வையாளர்களிடையே பரவியது. அதைத் துரோகம் என்பதைவிட அசிங்கம் என்பேன்.

ஆனால் யாரோடும் பேசாமல் நீக்கிவிட்டு வெறுங்கையோடு நிற்பதும் பொறுப்பில்லாத வேலைதான். லிவர்பூல் 2015 ஒக்டோபர் 4ஆம் திகதி பிரெண்டன் ரொஜர்ஸை நீக்கி, 8ஆம் திகதி யேர்கன் குளொப்பை அறிவித்தது. குளொப் அப்போது எந்தக் கழகத்திலும் இல்லை. யாருக்கும் முதுகில் குத்தாமல் வேகமாகவும் முடித்தார்கள்.

இவ்வளவு பெரிய கழகம் ஓர் ஆளைப் பிடிக்க இரண்டு மாதத்துக்கு மேலா?

மீண்டும் டொட்டன்ஹாம்தான், இந்தப் பகுதிக்கு அவர்களிடம் சரக்கு அதிகம். 2021 ஏப்ரல் 19ஆம் திகதி, லீக் கிண்ண இறுதியாட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, மொரின்யோவை நீக்கினார்கள். 29 வயதான ரயன் மேசன் இறுதியாட்டத்தில் அணியை நடத்தித் தோற்றார். அன்டோனியோ கொன்டேயோடு பேச்சு முறிந்தது. பாவ்லோ பொன்சேகா வருகிறார் என்றார்கள். அந்த நேரம் புதிய பணிப்பாளராக பபியோ பராட்டிச்சி வந்தார், பொன்சேகா போனார். கட்டுசோவின் பெயர் வந்ததும் இரசிகர்கள் கொதித்தார்கள், அதுவும் போயிற்று.

கடைசியில் 72 நாட்களுக்குப் பின், ஜூன் 30ஆம் திகதி, நூனோ எஸ்பிரிட்டோ சன்டோ வந்தார். முதல் மூன்று லீக் ஆட்டங்களையும் 1–0 என்று வென்று ஓகஸ்ட் மாதத்தின் சிறந்த முகாமையாளர் விருதும் வாங்கினார். நவம்பர் 1ஆம் திகதி நீக்கப்பட்டார். மறுநாள் யார் வந்தது தெரியுமா? கொன்டே.

நாட்களின் எண்ணிக்கையை விடுங்கள். அந்த வரிசையில் இருந்த பெயர்களை மீண்டும் பாருங்கள். தாக்கி ஆடுபவர், பின்னால் நின்று அடிப்பவர், கண்டிப்பானவர், மென்மையானவர் எல்லாரும் ஒரே வரிசையில். எப்படி ஆடப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் கடைக்குப் போனவர்களின் வரிசை அது.

கேட்டவர்கள் எல்லாரும் மறுத்து, நான்காவதாக வருபவர் என்றால் தோல்வி நிச்சயம்தானே?

இல்லை. 2024இல் பயேர்ன் மியூனிக், தோமஸ் டூக்கெல் பருவ முடிவில் போகிறார் என்று அறிவித்துவிட்டுத் தேடியது. சபி அலொன்சோ லெவர்குசனிலேயே இருப்பதாகச் சொன்னார். ஜூலியன் நாகெல்ஸ்மன் ஜேர்மன் தேசிய அணியோடு ஒப்பந்தத்தை நீட்டினார். ரங்னிக் ஒஸ்திரிய அணியை விட மறுத்தார். கடைசியில் வந்தவர் வின்சன்ட் கொம்பனி, அதுவும் அவருடைய பேர்ன்லி பிரீமியர் லீக்கிலிருந்து தரமிறங்கிய அதே மாதத்தில். அன்று சிரிக்காதவர்கள் குறைவு. 2024–25 பருவத்தில் பயேர்ன் மீண்டும் சம்பியன்.

புதியவர் வந்ததும் நான்கைந்து ஆட்டம் வெல்கிறார்களே, அது என்ன மாயம்?

பாதி மாயம், பாதி கணக்கு. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறோம். மறுநாள் இறங்கினால் பெருமை கொத்தமல்லிக்குப் போகிறது. அதுபோல ஒரு முகாமையாளரை நீக்குவது அணி தன் உண்மையான தரத்தைவிடக் கீழே விழுந்து கிடக்கும் நேரத்தில். கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்துகள் எப்போதும் கம்பத்திலேயே படாது. யாரும் வராவிட்டாலும் அணி கொஞ்சம் எழும்பியிருக்கும்.

மிகுதிப் பாதி உண்மையான மாற்றம். ஓரங்கட்டப்பட்டிருந்த வீரர்கள் ஓடத் தொடங்குகிறார்கள், எதிரணிக்கும் புதிய முறை பழகவில்லை. லெஸ்டரின் ஐந்து வெற்றிகளை மேலே சொன்னேன் அல்லவா? அவற்றைப் பெற்றுக் கொடுத்த கிரெய்க் ஷேக்ஸ்பியருக்கு 2017 ஜூனில் நிரந்தரப் பதவி கிடைத்தது, ஒக்டோபரில் அதுவும் போனது.

கிண்ணம் வென்றவரையே நீக்குகிறார்களே தம்பி, இது எந்த ஊர் நியாயம்?

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் என்னைப் பிடித்து வைத்து ஓர் ஐயா கேட்டது. யுனைட்டட்டின் லூயிஸ் வான் ஹால் 2016 மே 21ஆம் திகதி எப்.ஏ. கிண்ணத்தை வென்றார், 23ஆம் திகதி நீக்கப்பட்டார். 2025 மே 21ஆம் திகதி பில்பாவோவில் யுனைட்டட்டை 1–0 என்று வென்று டொட்டன்ஹாமுக்கு யூரோப்பா லீக்கைப் பெற்றுத் தந்த அஞ்சே பொஸ்டெகொக்லு ஜூன் 6ஆம் திகதி நீக்கப்பட்டார். அந்தப் பருவத்தில் லீக்கில் அவர்களுக்கு 17ஆவது இடம்.

கழகங்களின் வாதம், கிண்ணம் சில இரவுகளின் விளைவு, லீக் 38 ஆட்டங்களின் சராசரி என்பது. அந்த வாதம் கணக்கில் சரி. ஆனால் அதற்குமுன் 17 வருடமாக எந்தக் கிண்ணமும் காணாதிருந்த டொட்டன்ஹாம் இரசிகரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

ஒரே கழகம் திரும்பத் திரும்பத் தவறான ஆளையே எடுப்பது எப்படி?

முதற் கேள்வியில் சொன்ன பணிப்பாளர் இங்கேதான் வருகிறார். முகாமையாளரை நீக்கும்போது, அவரைத் தெரிவு செய்தவர்கள் அதே நாற்காலியில் இருந்தபடி அடுத்தவரைத் தெரிவு செய்கிறார்கள். அல்லது அவர்களும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டிய 2024 கோடையில் யுனைட்டட்டின் விளையாட்டுப் பணிப்பாளராக வந்த டான் அஷ்வேர்த் ஐந்து மாதத்தில் போய்விட்டார். நான்கு தடுப்பாளர்களோடு ஆடச் சேர்த்த அணியை, மூன்று தடுப்பாளர்களோடு மட்டுமே ஆடும் அமோரிமிடம் பருவத்தின் நடுவில் கொடுத்தார்கள். பருவம் முடிந்தபின் வரவே விரும்பியதாக அவரே சொல்லியிருந்தார். லீக்கில் 15ஆவது இடம் கிடைத்தது.

பிரைட்டனைப் பாருங்கள். பொட்டரைப் பறிகொடுத்ததும் ரொபேர்ட்டோ டி செர்பி வந்தார், அந்தப் பருவமே ஆறாம் இடம், கழக வரலாற்றில் முதல் ஐரோப்பியப் போட்டி வாய்ப்பு. அவர் 2024இல் போனதும் 31 வயதான பபியன் ஹேர்ஸலர். எதிர்பாராத பெயர்கள்தான், ஆனால் வீரர்களை எடுக்கும் முறை மாறவில்லை, அந்த முறைக்குப் பொருந்துபவரைத்தான் தேடினார்கள். அடுத்த முறை உங்கள் கழகம் தேடும்போது யார் வருகிறார் என்பதோடு யார் கூப்பிடுகிறார் என்றும் கேளுங்கள்.

அதெல்லாம் சரி, எங்கள் கழகத்துப் பயிற்றுநரை எப்படி மாற்றுவது?

இங்கே பயிற்றுநர் பெரும்பாலும் ஓர் ஆசிரியர் அல்லது அலுவலக ஊழியர். ஐந்து மணிக்கு வேலை விட்டு வந்து, தண்ணீர்ப் போத்தல்களைப் பாதியாக வெட்டி மணல் நிரப்பிக் கூம்புகளாக வைத்து, ஓரப் புல்லில் மேயும் மான்களை விரட்டிவிட்டு விசில் ஊதுகிறார். சம்பளம் இல்லை, ஆகவே நட்டஈடும் இல்லை. அதனாலேயே நாம் அவரை நீக்குவதில்லை. பயிற்சி எத்தனை மணிக்கு என்று சொல்லாமல் விட்டுவிடுகிறோம். கோடிக்கணக்கில் கொடுத்து அனுப்பும் கழகங்கள்கூட இவ்வளவு கேவலமாகச் செய்வதில்லை. தலைவரும் செயலாளரும் நேரில் போய்ச் சொல்லுங்கள், செய்த வேலைக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதிக் கொடுங்கள்.

புதியவரைத் தேடும் முன் செயற்குழு ஒரு தாளில் எழுதட்டும்: இளையோரை வளர்க்கவா, இந்த வருடமே கிண்ணம் வெல்லவா, வாரத்தில் எத்தனை நாள் வேண்டும், பந்து வாங்கும் பணம் யாருடையது. பந்து வாங்கிக் கொடுக்கும் தலைவர் தன் மருமகனை நடுக்களத்தில் ஆடவைக்கச் சொன்னால் பயிற்றுநர் மறுக்கலாமா என்பதையும் எழுதுங்கள். மறுக்க முடியாது என்றால் யாரைக் கொண்டுவந்தாலும் ஒன்றுதான்.

எங்கள் பழைய பயிற்றுநர் எதிர்க் கழகத்துக்குப் போய்விட்டார், வீரர்களையும் கூட்டிக்கொண்டு போவாரா?

இங்கிலாந்தில் இதைத் தடுக்க ஒப்பந்தத்திலேயே நிபந்தனை போடுவதுண்டு. இங்கே லீக்கில் எந்தக் கழகத்தின் பெயரில் பதிவோ, அந்தக் கழகத்துக்குத்தான் வீரர் ஆட வேண்டும். மாறுவதென்றால் விடுவிப்புக் கடிதம் வேண்டும். சிக்கல் என்னவென்றால் பதிவுப் படிவங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், பந்துப் பை எல்லாம் பெரும்பாலும் பயிற்றுநர் வீட்டில்தான் இருக்கும். படிவங்களை முதலில் வாங்கிவிடுங்கள். பந்துகளைப் பிறகு கேட்கலாம்.